கொடிவேரியில் சொன்னது

ஏப்ரல் 14, வெள்ளி

கோவையை விட்டுக் கோபிக்குக் குடிவந்து ஒன்பது நாள் ஆகிறது. இன்றைக்குச் சித்திரை ஒன்று. சகலை சென்னியப்பன் காலையிலேயே வந்து வாசலில் நின்றார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம், நாலு மாங்காய். என் மனைவி வளர்மதிக்கு அக்கா புருஷன் என்பதால் அவளுக்கு மாமா. நான் அண்ணா என்று கூப்பிடுகிறேன். ஒரு பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகளை ஏற்றிப்போகும் ஆம்னி வேன் அவருக்குச் சொந்தம். மொடச்சூரில் வீடு. எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.

"தம்பி, ஞாயித்துக்கெழமை எல்லாரும் பச்சமலை போலாம். சும்மா வூட்டுக்குள்ளயே இருந்தா எப்புடி?"

வேலை இருக்கிறது என்றேன். விடுப்பில் இருந்தாலும் தினம் லேப்டாப்பில் கொஞ்சம் பார்க்க வேண்டியிருக்கிறது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, "ஒரு ரெண்டு மணி நேரந்தான் தம்பி" என்றார்.

கார் எங்கே என்று கேட்டார். கோவையில் இருக்கிறது என்றேன். பொய் இல்லை. கோவையில், கம்பெனி வளாகத்தில்தான் நிற்கிறது.

ஏப்ரல் 16, ஞாயிறு

பச்சைமலை. வேனின் பின்கண்ணாடியில் 'பள்ளிக் குழந்தைகள், மெதுவாக வரவும்' என்று மஞ்சள் எழுத்து. இருக்கைகளில் பிள்ளைகள் பேனாவால் கிறுக்கியிருந்தார்கள். கடைவீதியைத் தாண்டும்வரை குனிந்து போனைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அண்ணனின் மனைவி பூங்கொடி அக்காவின் குரல் வண்டிக்கு வெளியேயும் கேட்கும். பொடி தடவிய இட்லி, எள்ளுருண்டை, மோர் என்று ஒரு பெரிய பை. மலைப்படியில் போகிறவர் வருகிறவர் எல்லாரிடமும் பேச்சு. மகள் சம்யுக்தா பெரியம்மாவின் கையை விடவே இல்லை. பதின்மூன்று வயதுப் பெண் கோவையில் என் கையைப் பிடித்து எத்தனை வருடம் ஆகிறது என்று யோசித்தேன்.

ஒரு வேடிக்கை. மலைக்கு வண்டி போகும் பாதை எது என்று சென்னியப்பன் அண்ணன் டீக்கடையில் விசாரித்தார். உள்ளூர்க்காரருக்கே வழி தெரியவில்லை.

ஏப்ரல் 19, புதன்

லேப்டாப்பைத் திறந்தேன். மதியம் மூடினேன்.

ஏப்ரல் 23, ஞாயிறு

குண்டேரிப்பள்ளம் அணை. யானை தண்ணீர் குடிக்க வரும் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். மாலை ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தோம். எதிர்க்கரையில் மாடுகள்தான் வந்தன. சம்யு அதற்கே சிரித்தாள். பூங்கொடி அக்கா ஒரு பள்ளி நோட்டீஸின் பின்பக்கத்தில் இடங்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வருகிறார். கொடிவேரி, பாரியூர், பவளமலை, பவானிசாகர், பண்ணாரி, வரட்டுப்பள்ளம். படித்தபோது எனக்குச் சோர்வாக இருந்தது. இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளா?

போகும் வழியில் அண்ணனுக்கு மூன்று முறை போன் வந்தது. மூன்று முறையும் ஒரே பதில். "இன்னைக்கு வண்டி இல்லீங்க. இல்லீங்க, அடுத்த ஞாயிறும் ஆகாது." பள்ளிக்கூடம் மூடியிருக்கும் இரண்டு மாதத்தில் கல்யாண வாடகை, கோயில் வாடகை எல்லாம் ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும். இப்படித் தொழில் செய்தால் எங்கே முன்னேறுவது என்று வளர்மதியிடம் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன். அவள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்னொன்று. அணைக்கரையில் கொஞ்சம் தனியாக நடக்கலாம் என்று போனேன். சென்னியப்பன் அண்ணன் பின்னாலேயே வந்தார். திரும்பிப் பார்த்தால் செருப்பைச் சரிசெய்வதுபோல நிற்பார். தண்ணீர் ஓரம் போனேன், அவரும் வந்தார். எரிச்சலாக இருந்தது. சின்னப் பிள்ளையா நான்?

ஏப்ரல் 30, ஞாயிறு

கொடிவேரி.

எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

கூட்டமான கூட்டம். பவானி ஆறு அணைக்கட்டில் வழிந்து விழும் இடத்தில் ஆட்கள் தோளோடு தோள் நின்று குளித்தார்கள். வளர்மதியும் அக்காவும் பெண்கள் பக்கம் போய்விட்டார்கள். நானும் அண்ணனும் சம்யுவும் மீன் வறுக்கிற கடைகளின் பக்கம் நின்றோம். அண்ணன் லுங்கியை மடித்துக் கட்டியிருந்தார். தலையில் ஈரத்துண்டு. ஒரு கையில் சுருட்டிய பாய், மறு கையில் தண்ணீர்க் கேன். சம்யுவின் கையில் வாழையிலைத் துண்டில் மீன்.

"சண்முகம்!" என்று குரல்.

பிரபாகர். என்னோடு ஒரே அறையில் நாலு வருடம் உட்கார்ந்தவர். இப்போது வேறொரு பம்ப் கம்பெனியில் மண்டல மேலாளர். கூட அவர் மனைவி, ஆறு வயதில் ஒரு பையன். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி.

"என்னங்க, திடீர்னு வேலைய விட்டுட்டீங்கன்னு சொன்னாங்க?"

"கொஞ்ச நாள் ஓய்வு எடுக்கலாம்னு."

"நல்லது. நானே கூப்பிடணும்னு இருந்தேன். ஈரோடு பக்கத்துக்கு எங்களுக்கு ஒரு ஆள் வேணும். உங்கள மாதிரி ஆளு. கார்லயா வந்தீங்க? எங்கயும் காணோமே."

"கார் சர்வீஸ்ல இருக்கு. வாடகை வேன்ல வந்தோம்."

அவர் பார்வை சென்னியப்பன் அண்ணன்மேல் போனது. பாய், கேன், லுங்கி. யார் இவர் என்று பிரபாகர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். நானாகவே சொன்னேன்.

"இவர் டிரைவர்."

அண்ணன் என்னைப் பார்த்தார். ஒரு மூச்சு விடும் நேரம் இருக்கும். பிறகு தலையிலிருந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டுக்கொண்டார்.

"வண்டிய நெழல்ல போட்டிருக்கறனுங்க சார். நீங்க மெதுவா பேசிட்டு வாங்க."

பாயையும் கேனையும் எடுத்துக்கொண்டு நடந்தார். சம்யு என்னையே பார்த்தாள். கையிலிருந்த மீனைக் கடைக்காரரின் பலகையில் வைத்துவிட்டு அவர் பின்னால் போனாள். "பெரியப்பா" என்று கூப்பிட்டாள். கூட்டத்தின் சத்தத்தில் பிரபாகருக்குக் கேட்டிருக்காது. கேட்கக்கூடாதே என்றுதான் அப்போது நினைத்தேன். இதையும் எழுதிவிட்டேன்.

திரும்பும்போது அண்ணன் எப்போதும்போலப் பேசிக்கொண்டு வந்தார். கொடிவேரி மீனில் முள் குறைவு என்றார். பூங்கொடி அக்கா, "உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சாப்புல" என்று சிரித்தார்.

மே 1, திங்கள்

சம்யு என்னோடு பேசவில்லை. வெயில் என்று வளர்மதி நினைத்துக்கொண்டு நுங்கு வாங்கி வந்தாள்.

மே 3, புதன்

சம்யுவிடம் நானே போய் உட்கார்ந்தேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று விளக்கினேன். வேலை விஷயம், பெரியவர்கள் உலகம், வாய்தவறி வந்தது என்று ஏதேதோ. அவள் படம் வரைந்துகொண்டே கேட்டாள்.

"அம்மாகிட்ட சொல்லக்கூடாது, அதானே?"

"சொன்னா அம்மாவுக்குக் கஷ்டமா இருக்கும்."

"பெரியப்பாவும் அதத்தான் சொன்னாரு. அம்மாகிட்டயும் பெரியம்மாகிட்டயும் சொல்லிராத கண்ணு, உங்கப்பன் நல்லவன், ஏதோ வெசனத்துல இருக்கறான்னு."

பென்சிலைச் சீவப் போனவள் திரும்பி வரவில்லை.

மே 7, ஞாயிறு

வண்டி வராது என்று நினைத்தேன். ஏழு மணிக்கு வாசலில் ஹாரன்.

பாரியூர் கோயிலுக்கும் அங்கிருந்து பவளமலைக்கும் போனோம். பவளமலைப் படியில் நானும் அண்ணனும் மட்டும் கொஞ்சம் பின்தங்கினோம். இதுதான் நேரம் என்று தோன்றியது. "அண்ணா, அன்னைக்கு..." என்று ஆரம்பித்தேன். அவர் படியோரம் இருந்த வேப்பமரத்தைக் காட்டி, இந்த வருடம் பூ எப்படிப் பூத்திருக்கிறது பார் என்றார். மறுபடி ஆரம்பித்தேன். "மூச்சு வாங்குது தம்பி, ஏறும்போது பேசக்கூடாது" என்றார்.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அவரே வேண்டாம் என்று விட்டபிறகு நான் என்ன செய்ய? மேலே போய்ச் சாமி கும்பிட்டபோது அந்த நிம்மதியை நினைத்துக் கண்ணைத் திறக்கக் கூசியது.

மே 12, வெள்ளி

பிரபாகர் போனில் கூப்பிட்டார். ஈரோடு வேலைக்கு என் பெயரைச் சொல்லியிருக்கிறாராம். வரும் இருபத்தொன்றாம் தேதி அவர் மாமியார், மனைவி, பையனோடு பண்ணாரிக்கும் பவானிசாகருக்கும் வருகிறார். நானும் மகளும் கூட வந்தால் பேசிக்கொண்டே சுற்றலாம் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

"எங்க காருக்குள்ள எல்லாரும் ஒண்ணா போக முடியாது. அன்னைக்கு உங்ககூட வந்தாரே ஒரு டிரைவர், அந்த வேனையே சொல்லிடுங்க. பொறுமையான ஆளா தெரிஞ்சார்."

அவருக்கு அன்று வேறு வாடகை இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். "கேட்டுச் சொல்றேன்" என்றேன்.

மே 14, ஞாயிறு

இன்று எங்கும் போகவில்லை. அக்காவுக்குக் காய்ச்சல். நான் மட்டும் மொடச்சூர் போனேன். அண்ணன் வேனுக்கு அடியில் படுத்து என்னவோ முடுக்கிக்கொண்டிருந்தார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. முகம் தெரியாதது வசதியாக இருந்தது. அந்தக் கால்களைப் பார்த்தபடியே விஷயத்தைச் சொன்னேன். பிரபாகர் வருவது, வேலை, வேன்.

ஸ்பேனர் சத்தம் நின்றது.

"வேல கெடைக்குமா?"

"கிடைக்கும்போலதான் இருக்குண்ணா."

"செரி. அவருகிட்ட என்ற நம்பரக் குடு. எத்தன மணிக்கு, எங்கன்னு நானே பேசிக்கறேன். உனக்கு எதுக்குச் சங்கடம்?" கொஞ்சம் விட்டு, "பூங்கொடிக்குத் தெரிய வேண்டாம். வெளி வாடகைன்னு சொல்லிக்கறேன்" என்றார்.

அவருக்குத் தெரியும். எனக்கு வேலை இல்லை என்பது முன்பே தெரியும். விடுப்பு, லேப்டாப் என்று நான் சொன்னபோதெல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

மே 21, ஞாயிறு

சாயங்காலம் ஆறரைக்கு வீட்டுக்கு வந்தேன். கையெல்லாம் பினாயில் வாடை. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

வேலை விஷயமாகப் பிரபாகரைப் பார்க்கப் போகிறோம் என்று மட்டும் வளர்மதியிடம் சொல்லியிருந்தேன். காலையில் சம்யுவைத் தனியே கூப்பிட்டு ஒன்று சொல்ல வேண்டும் என்று இருந்தேன். சொல்லவும் செய்தேன். "இன்னைக்கு ஒரு நாள் மட்டும் பெரியப்பான்னு கூப்பிடாம இரு." அவள் செருப்பை மாட்டினாள். உலகத்தில் எந்த அப்பனும் பிள்ளையிடம் இப்படிக் கேட்டிருக்க மாட்டான்.

சத்தியமங்கலத்தில் பிரபாகர் குடும்பம் காரை நிறுத்திவிட்டு வேனில் ஏறிக்கொண்டது. அண்ணன் இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை போட்டிருந்தார். பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் போடுவது. பின்கண்ணாடி எழுத்தின்மேல் ஒரு துணித்திரையைத் தொங்கவிட்டிருந்தார். எனக்காக. அவர் அதை எப்போது கட்டினார், அக்காவிடம் என்ன காரணம் சொன்னார் என்று தெரியவில்லை.

பிரபாகரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மரியாதையான மனிதர்தான். "டிரைவர், கொஞ்சம் ஏசி கூட்டுங்க." "டிரைவர், அந்த மரத்தடியில நிறுத்துங்க." வாடகைக்கு எடுத்த வண்டியில் யாரும் பேசுவதுதான். ஒவ்வொரு முறையும் "செரிங்க சார்" என்று பதில் வந்தது. ஐம்பத்தைந்து வயதுக்காரர். என்னைவிடப் பத்து வயது பெரியவர். ஒவ்வொரு 'சாரு'க்கும் சம்யு கண்ணாடிக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பண்ணாரியில் கும்பிட்டுவிட்டு, சத்திக்குத் திரும்பி ஒரு ஓட்டலில் சாப்பாடு. ஆறு பேர் உட்காரும் மேசை. நாங்களும் ஆறு பேர் இருந்தோம். ஏழாவது ஆள் தானாகவே போய்க் கைகழுவுமிடத்தின் பக்கத்துச் சின்ன மேசையில் உட்கார்ந்தார். இலையில் தண்ணீர் தெளித்தார். சம்யு எழுந்து, தன் இலையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். சாம்பார் தரையில் சொட்டியது.

"பாப்பா ஏன் அங்க போயிட்டா?" என்று பிரபாகரின் மனைவி கேட்டார்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"அங்க ஃபேன் காத்து நல்லா வருதுன்னு போயிருப்பா" என்றேன்.

இரண்டாம் முறை. கொடிவேரியில் வாய்தவறியது என்று சொல்லலாம். இங்கே நான் யோசித்துத்தான் சொன்னேன்.

அண்ணன் குனிந்து அவளிடம் ஏதோ சொன்னார், அங்கே போ என்பதாக இருக்கும். அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தாள். எங்கள் மேசையில் ஈரோடு, சேலம் விற்பனையைப் பற்றிப் பேச்சு. அடுத்த மாதமே சேர்ந்துகொள்ளலாம் என்றார் பிரபாகர். பாயசம் வந்தது.

பவானிசாகர் போய்ச் சேரும்போது மணி மூன்றரை. பூங்கா வாசலில் வண்டி நிற்கும்போது பிரபாகரின் பையன் இருக்கையிலேயே வாந்தி எடுத்துவிட்டான். பாயசம், ஐஸ்கிரீம், வெயில். குழந்தை என்ன செய்யும். அவன் அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். மாமியார் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினார். பிரபாகர் சங்கடத்தோடு, "டிரைவர், கொஞ்சம் கிளீன் பண்ணிடுங்க" என்றார்.

"நீங்க போயிட்டு வாங்க சார். நான் பாத்துக்கறேன்."

நாங்கள் பூங்காவை நோக்கி நடந்தோம். டிக்கெட் கொடுக்கும் இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் வேன் கதவில் முழங்காலை ஊன்றி, உள்ளே தலையை விட்டு, இருக்கைக்கு அடியிலிருந்து வாரி எடுத்துக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டையின் முதுகு நனைந்திருந்தது. பக்கத்தில் சம்யு தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என் பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் அவளுக்காகத்தான் போனேன் என்று ஆகியிருக்கும்.

என் கால் திரும்பியது. அவ்வளவுதான் சொல்லமுடியும். போய் அவர் கையிலிருந்த துணியை வாங்கினேன். அவர் தரவில்லை. இழுத்தேன்.

"விடு தம்பி, நாறுது. நீ போ. அவரு பாக்கறாரு."

"பார்க்கட்டும்ணா."

பிரபாகர் என் பின்னாலேயே வந்திருந்தார். "சண்முகம், நீங்க எதுக்கு? அவர் செய்வார்" என்றார்.

"இவர் டிரைவர் இல்லைங்க. என் சகலை. என் மனைவியோட அக்கா வீட்டுக்காரர். அன்னைக்குக் கொடிவேரியில நான் பொய் சொன்னேன். காரும் சர்வீஸ்ல இல்லை. கம்பெனியில திருப்பி வாங்கிக்கிட்டாங்க. நானா வேலையை விடலை. ராஜினாமாவை அவங்களே டைப் அடிச்சு வச்சிருந்தாங்க. கையெழுத்து மட்டும் நான் போட்டேன்."

எல்லாம் ஒரே மூச்சில் வந்துவிட்டது. பிரபாகரின் முகம் என்னவோபோல ஆனது. சென்னியப்பன் அண்ணனைப் பார்த்துக் கைகூப்பினார். "தெரியாம பேசிட்டேனுங்க, மன்னிச்சுக்கங்க." என்னிடம், "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என்னை முன்பின் பார்த்திராத ஒருவர் பேசுவதுபோல இருந்தது.

நான் முழங்காலிட்டு, வேனில் இருந்த பினாயிலை ஊற்றி இருக்கையைத் துடைத்தேன். பூங்காவுக்குள் யாரும் அதிக நேரம் இருக்கவில்லை. திரும்பி வரும்போது பிரபாகர், சென்னியப்பன் அண்ணனை "அண்ணா" என்று கூப்பிட்டு வழி கேட்டார். அண்ணன் அப்போதும் "செரிங்க சார்" என்றுதான் சொன்னார்.

அவர்களைச் சத்தியில் இறக்கிவிட்ட பிறகு வேனில் நாங்கள் மூன்று பேர். நான் முன்னால் போய் உட்கார்ந்தேன். கோபி வந்ததும் எங்கள் தெருமுனையில் அண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"காரியத்தக் கெடுத்துட்டியே தம்பி. இன்னொரு ரெண்டு மணி நேரம் பொட்டாட்ட வாய மூடிட்டு இருந்திருந்தா வேல வந்திருக்குமல்லோ. நான் எதுக்குக் காலையிலருந்து சார் சார்ன்னு நின்னேன்?"

"என்னால முடியலைண்ணா."

"உன்னால முடியல." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கொடிவேரியில நீ சொன்னப்ப எனக்கு வலிச்சுது. அத ஒருத்தருகிட்டயும் சொல்லல. செரி, வேலைக்காவ சொல்றான், ஆகட்டும்னு முழுங்கிட்டேன். இப்ப வேலையும் இல்லையின்னா, நான் முழுங்குனது எதுக்கு?"

சம்யு பின்னாலிருந்து அவர் தோளில் கை வைத்தாள். அவர் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு, "எறங்குங்க கண்ணு" என்றார்.

மே 22, திங்கள்

வளர்மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். முழுவதும் கேட்டாள். அடிக்கவோ கத்தவோ செய்திருந்தால் தேவலை. தண்ணீரை வடித்துவிட்டு, "அக்காகிட்ட நீங்கதான் சொல்லோணும். நான் சொல்ல மாட்டேன்" என்றாள்.

மே 25, வியாழன்

பிரபாகரிடமிருந்து குறுஞ்செய்தி. ஈரோடு இடத்துக்கு உள்ளேயே ஒருவரைப் போட்டுவிட்டார்களாம். வாழ்த்துகள், பிறகு பார்ப்போம் என்று முடித்திருந்தார்.

மே 28, ஞாயிறு

ஏழு மணி. எட்டு மணி. ஹாரன் சத்தம் இல்லை. ஒன்பது மணிக்குச் சம்யு செருப்பைக் கழற்றி உள்ளே வைத்தாள்.

மே 31, புதன்

மொடச்சூர் போனேன். அண்ணன் இல்லாத நேரம் பார்த்துத்தான் போனேன் என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

பூங்கொடி அக்கா மொட்டைமாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தார். "வாங்க வாங்க" என்றார், எப்போதும்போலப் பெரிய குரலில். காய்ச்சல் விட்டு முகம் ஒடுங்கியிருந்தது. இந்த ஞாயிறு ஏன் வெளியே போகவில்லை என்று அவருக்கும் தெரியவில்லை. "இவரு இடுப்பு வலிக்குதுன்னு படுத்துக்கிட்டாரு" என்றார். அந்த வெயிலிலேயே நின்று சொன்னேன். கொடிவேரி, ஓட்டல், வாந்தி. எதையும் விடவில்லை.

அக்கா கையிலிருந்த துணியை விரித்தபடியே நின்றுவிட்டார். அந்தக் குரல் இவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

"இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்து இருவத்தெட்டு வருசமாச்சுங்க. குண்டேரிப்பள்ளத்த இந்த வருசந்தான் பாத்தேன். பச்சமலைக்கும் இதுக்கு முன்னால போனது இல்ல. இவரு எல்லா ரோட்டுலயும் ஓட்டுவாரு, ஒரு எடத்துலயும் எறங்கிப் பாத்தவரு இல்ல. வளரு போன்ல அழுதா. அவரு பேசறதே இல்லக்கா, கதவச் சாத்திட்டு உக்காந்துக்கறாரு, எனக்குப் பயமா இருக்குதுன்னு. இவருதான் சொன்னாரு, ஆள வெளிய இழுத்துட்டுப் போகோணும், தனியா வுடக்கூடாதுன்னு. அதுக்குத்தான் நான் எடமெல்லாம் விசாரிச்சு எழுதி வெச்சேன்."

கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சுவர் சுட்டது.

"ஒண்ணர மாசமா ஞாயித்துக்கெழம வாடகையெல்லாம் வேண்டான்னு சொல்லிட்டு வந்தாரு. அந்த மனுசன டிரைவருன்னு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு இப்ப உங்ககூடப் பேச வரலீங்க. நீங்க கெளம்புங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அந்தச் சொல் வாயில் வரும் முன்பே படியிறங்க வேண்டியதாயிற்று. கீழே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு மறுபடி மேலே பார்த்துச் சொன்னேன். அக்கா திரும்பவில்லை. கேட்டதா என்று தெரியாது.

ஜூன் 5, திங்கள்

கடைவீதியில் மோட்டார், பைப் விற்கும் கடை ஒன்றில் ஆள் கேட்டிருந்தார்கள். போனேன். இதற்கு முன் எங்கே வேலை, ஏன் விட்டீர்கள் என்று கேட்டார் முதலாளி. அனுப்பிவிட்டார்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, நாளைக்கே வாங்க என்றார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள்.

ஜூன் 8, வியாழன்

சாயங்காலம் கடையிலிருந்து நேராக மொடச்சூர். இம்முறை அண்ணன் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். திங்கள்கிழமை பள்ளி திறப்பதால் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா உள்ளே இருந்தார், வெளியே வரவில்லை.

"அண்ணா, ஞாயித்துக்கிழமை நான் கூட்டிட்டுப் போறேன். வரட்டுப்பள்ளம். பஸ்லதான். எட்டு மணிக்கு அந்தியூர் பஸ் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வரணும்."

அவர் சக்கரத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. கதவுப் பக்கமாகவும் ஒருமுறை சத்தமாகச் சொன்னேன். "அக்கா, எட்டு மணிக்கு." உள்ளே குக்கர் விசில் மட்டும் கேட்டது.

ஜூன் 11, ஞாயிறு

ஏழரைக்கே பேருந்து நிலையம் போய்விட்டோம். வளர்மதியும் சம்யுவும் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. எட்டு மணிப் பேருந்து வந்தது. கண்டக்டர் ஏறச் சொன்னார். இல்லை என்றேன். அது போயிற்று. சம்யு, "அடுத்தது எப்பப்பா?" என்றாள். கொடிவேரிக்குப் பிறகு அவளாக என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

எட்டு நாற்பதுக்கு அடுத்த பேருந்து வந்து நின்றபோது, வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் நிலையத்துக்குள் வேகமாக நடந்து வந்தார். காக்கியிலும் லுங்கியிலும் பார்த்தே பழகியதால் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. சென்னியப்பன் அண்ணன். கையில் பெரிய சாப்பாட்டுச் சம்படம், துணியால் கட்டியது. அவருக்குப் பின்னால் பார்த்தேன். யாரும் இல்லை.

"அவ வரல" என்றார். "ஏறுங்க, வண்டி கெளம்புது."

சம்யு பெரியப்பாவை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் முன்சீட்டில் சம்படத்தை மடியில் வைத்துக்கொண்டேன். சூடு தொடையில் இறங்கியது. ஊரைத் தாண்டியதும் வாய்க்கால், வயல், தென்னை. பின்னாலிருந்து அவர் சம்யுவிடம் சொல்வது கேட்டது. "இந்த ரோட்டுல எத்தன தடவ ஓட்டிருப்பேன் கண்ணு. ரோட்டுக்கு இக்கட்டால இப்புடியொரு குளம் இருக்கறதே இன்னைக்குத்தான் தெரியுது."

அந்தியூர் வரும்வரை தைரியம் வரவில்லை. பிறகு திரும்பிக் கேட்டேன்.

"அக்கா ஏதாவது சொன்னாங்களாண்ணா?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் சொல்லல. அஞ்சு மணிக்கு எந்திரிச்சு சோறாக்குனா. மூணு பேருக்குப் போதும், அவனுக்கு எதுக்குன்னு நாந்தான் கேட்டேன்."

"ம்."

"நாலு பேருக்குக் கட்டிக் குடுத்துட்டா."